வீட்டில் கட்டும் பிளைட் சிமுலேட்டர் கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ். போடுவது? முழுமையான வழிகாட்டி

பாகங்களை எல்லாம் வாங்கி, கேபினெட்டில் பூட்டி, பென்டிரைவையும் சொருகிய பிறகுதான் பலர் கேட்கிறார்கள், "சரி, எந்த ஓ.எஸ். போடலாம்?" என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். (ஓ.எஸ். என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம், விண்டோஸ், லினக்ஸ் மாதிரி. பிளைட் சிமுலேட்டர் என்றால் கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் மென்பொருள்.) அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பெரிதாக வேலையே இல்லை. நீங்கள் வாங்கிய யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் விமானங்கள், தலையில் மாட்டப்போகும் வி.ஆர். கருவி இவையெல்லாம் சேர்ந்து எப்போதோ முடிவு செய்துவிட்டன. அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். ஓ.எஸ். கடைசியில்தான் வரும்.

அவசரக்காரர்களுக்கு மட்டும்: மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் என்றால் விண்டோஸ் 11, யோசிக்கவே வேண்டாம். இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் என்றால் லினக்ஸும் நிஜமான ஒரு தேர்வு, சும்மா பெயருக்கு இல்லை. மீதியைப் பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

முதல் படி: ஒரு தாள், ஒரு பேனா

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்காருங்கள். தாளில் நான்கு விஷயங்கள் எழுத வேண்டும். எந்த சிமுலேட்டரில் பறக்கப் போகிறீர்கள். அதற்கு என்னென்ன ஆட்-ஆன் (கூடுதல் விமானம், காட்சி மாதிரியானவை) வாங்கியிருக்கிறீர்கள், அல்லது கண்டிப்பாக வாங்கப் போகிறீர்கள். யு.எஸ்.பி.யில் என்னவெல்லாம் சொருகப் போகிறீர்கள், நீங்களே செய்யப்போகும் சுவிட்ச் பேனலும் இதில் சேர்த்தி. பக்கத்தில் ஓட வேண்டிய சின்னச் சின்ன மென்பொருள்கள், அதாவது வரைபடம், ஆன்லைன் ஏ.டி.சி. (விமானக் கட்டுப்பாட்டாளரோடு பேசுவது), தலை அசைவைப் பிடிப்பது மாதிரியானவை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஓ.எஸ்.ஸில் ஓடும் என்று அதன் தயாரிப்பாளர் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். "விண்டோஸ் மட்டும்" என்று எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணினாலே பாதி விடை வந்துவிடும். என் தாளில் 11 வரி இருந்தது, 7 வரியில் விண்டோஸ் மட்டும். லினக்ஸ் பிரியனான எனக்கு அது கொஞ்சம் வலித்தது, என்ன செய்ய.

இரண்டாம் படி: சிமுலேட்டரைப் பொறுத்து

மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தது, அடுத்த பதிப்பு 2024 நவம்பரில். இரண்டுமே பி.சி.யில் விண்டோஸுக்கு மட்டும்தான். 2024 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 16 ஜி.பி. ராம் கேட்கிறார்கள், பரிந்துரை 32, தாராளமாக ஓட 64. முந்தைய பதிப்பு டிஸ்க்கில் 150 ஜி.பி. கேட்டது. புதியது 50 ஜி.பி.யோடு நிறுத்திக்கொண்டு மீதியை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அதனால் நெட் வேகமும் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது, 50 எம்.பி.பி.எஸ். இருந்தால் நல்லது என்பது அவர்கள் பரிந்துரை.

லினக்ஸில் கேம் கடையான ஸ்டீமின் ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் ஏற்பாடு) வழியாக இதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை, ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் நீங்களே தேடிச் சரிசெய்ய வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை பக்கத்து மென்பொருள்கள். இந்த சிமுலேட்டரோடு வெளி மென்பொருள் பேசுவது சிம்கனெக்ட் என்ற வழியில், அவை எல்லாவற்றையும் ப்ரோட்டானின் அதே கூட்டுக்குள் கொண்டுபோய் ஓட வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பறக்க உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை டெர்மினலிலேயே இருப்பான்.

எக்ஸ்-பிளேன் 12 வேறு ரகம். ஆஸ்டின் மேயரின் லாமினார் ரிசர்ச் நிறுவனம் நீண்ட காலமாகவே இதைப் பல ஓ.எஸ்.களுக்குச் செய்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நேரடியாக ஓடும், இடையில் எந்தப் பொய்க்கால் குதிரையும் தேவையில்லை. 2020-இல் 11.50 பதிப்பில் பழைய ஓபன்ஜி.எல்.லோடு வல்கன், மெட்டல் என்ற புது கிராஃபிக்ஸ் வழிகளும் வந்தபோது லினக்ஸ் பக்கம் நிலைமை நன்றாகவே மாறியது. இலவச டெமோ உண்டு. கம்ப்யூட்டரில் எந்த ஓ.எஸ். போட்டாலும் முதலில் அந்த டெமோவை இறக்கி, உங்கள் யோக்கைச் சொருகிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

பிளைட்கியர் முழு இலவசம், திறமூலம், 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த ஓ.எஸ். என்றாலும் சரி. காட்சி அழகில் மற்ற இரண்டோடு போட்டி போடாது. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் பையனுக்கு விமானம் என்றால் என்னவென்று காட்ட இது போதும்.

பழைய ஆசாமிகளுக்கு ஒரு வரி. 2006-இல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். (மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டர்) 32-பிட் மென்பொருள், நீங்கள் 64 ஜி.பி. ராம் போட்டாலும் அது 4 ஜி.பி.க்கு மேல் தொடாது, நீண்ட பயணத்தின் முடிவில் இறங்கும் நேரம் பார்த்து நினைவகம் தீர்ந்தது என்று சொல்லி விழும். அதன் வழிவந்த ப்ரீபார்3டி 2017-இல் நான்காம் பதிப்பிலிருந்து 64-பிட் ஆனது. இரண்டும் விண்டோஸ்தான்.

மேக்? எக்ஸ்-பிளேன் மேக்கில் அருமையாக ஓடும், ஆனால் மேக்கை யாரும் வீட்டில் கட்டுவதில்லை. சாதாரண பாகங்களில் மேக் ஓ.எஸ். ஏற்றும் விளையாட்டு, ஆப்பிள் இன்டெல் சிப்பைக் கைவிட்டதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: மேசையில் என்ன இருக்கிறது

யோக், த்ராட்டில் (என்ஜின் வேக நெம்புகோல்), ரட்டர் பெடல் (விமானத்தின் மூக்கைத் திருப்பும் கால் மிதி) பெரும்பாலும் சாதாரண யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்காகத்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அதனால் அச்சுகளும் பொத்தான்களும் எந்த ஓ.எஸ்.ஸிலும் வேலை செய்யும். பிரச்சினை விளக்குகளிலும் டிஸ்ப்ளேக்களிலும்தான் வரும். லேண்டிங் கியர் பச்சை விளக்கு எரிய வேண்டும், ரேடியோ அலைவரிசை எண் பேனலில் தெரிய வேண்டும் என்றால் சிமுலேட்டர் சொல்வதைச் சாதனத்துக்கு எடுத்துச் சொல்ல ஒரு தனி மென்பொருள் வேண்டும், அது அநேகமாக விண்டோஸுக்கே எழுதப்பட்டிருக்கும்.

சுவிட்ச் பேனலை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆர்டுவினோ மெகா என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு வாங்கி மோபிஃப்ளைட் என்ற மென்பொருளில் இணைத்தால் விளக்கு, டிஸ்ப்ளே, மோட்டார் எல்லாம் ஓட்டலாம், ஆனால் மோபிஃப்ளைட் விண்டோஸில்தான். அதற்குப் பதிலாக ஆர்டுவினோ லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ போர்டு வாங்கினால், அதன் சிப் தன்னையே ஒரு ஜாய்ஸ்டிக்காகக் கம்ப்யூட்டரிடம் காட்டிக்கொள்ளும். பேட்டரி சுவிட்ச், ஆல்டர்னேட்டர், ஃப்யூவல் பம்ப், ஐந்து விளக்கு சுவிட்சுகள் எல்லாம் வெறும் ஜாய்ஸ்டிக் பொத்தான்களாக வந்துவிடும். நாளை ஓ.எஸ்.ஸை மாற்றினாலும் பேனலில் ஒரு கம்பியைக்கூடத் தொட வேண்டியதில்லை. உள்ளே போகும் சிக்னல் மட்டும் போதும் என்றால் இதுதான் புத்திசாலித்தனம். நான் முதலில் மெகா வாங்கி, பிறகு எல்லா சால்டரையும் பிரித்து இதற்கு மாறினேன், அந்த மூன்று நாள் மூக்கில் ஏறிய புகை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தலை அசைவுக்கு ட்ராக்ஐ.ஆர். மென்பொருள் விண்டோஸ் மட்டும். ஓபன்ட்ராக் இலவசம், லினக்ஸிலும் ஓடும், ஒரு வெப்கேம் இருந்தாலே சமாளிக்கலாம். வாட்சிம் என்ற ஆன்லைன் ஏ.டி.சி. வலைப்பின்னலுக்கு விபைலட் விண்டோஸில். எக்ஸ்-பிளேனுக்கான எக்ஸ்பைலட் மூன்று ஓ.எஸ்.ஸிலும் உண்டு. வரைபடத்துக்கு லிட்டில் நேவ்மேப், அதுவும் மூன்றிலும். பயணத் திட்டம் போடும் சிம்பிரீஃப் பிரவுசரிலேயே திறந்துவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

வி.ஆர். ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அதை நம்பி இருந்த எச்.பி. ரிவெர்ப் ஜி2 சிம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த கருவி, காக்பிட் எழுத்துகள் அவ்வளவு தெளிவாகத் தெரியும். பயன்படுத்திய பழையது ஒன்றை யாராவது உங்களுக்கு விற்கிறேன் என்றால், உங்கள் விண்டோஸ் பதிப்பு எது என்று பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

நான்காம் படி: விண்டோஸ் என்றால் எந்த விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, நீட்டிப்பில் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருடம். புதிதாகக் கட்டும் கம்ப்யூட்டரில் அதைப் போடக் காரணமே இல்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (ஒரு பாதுகாப்பு வசதி) வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசை முதல். புது மதர்போர்டில் டி.பி.எம். ஏற்கெனவே இருக்கும், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எஃப்.டி.பி.எம். என்றோ பி.டி.டி. என்றோ ஒளிந்திருக்கும், அதை ஆன் செய்தால் போதும்.

சிப்பைப் பொறுத்தும் 11-தான் சரி. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்து வருகிறது. எந்த வேலையை எதில் போடுவது என்று பிரிப்பதில் 11 கெட்டிக்காரன். ரைசனில் சிம் ஆட்களின் செல்லப் பிள்ளை 7800எக்ஸ்3டி, 96 எம்.பி. எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருப்பதால் சிமுலேட்டரின் பிரதான த்ரெட்டுக்கு அது அமிர்தம். அதில் கோர்கள் எல்லாம் ஒரே தொகுதிதான், தலைவலி இல்லை. 7950எக்ஸ்3டி என்றால் இரண்டு தொகுதி, ஒன்றில்தான் அந்தக் கூடுதல் கேஷ். இது கேம் என்று விண்டோஸின் கேம் பார் கண்டுபிடித்துச் சொன்னால்தான், சிப்செட் டிரைவர் அடுத்த தொகுதியைத் தூங்க வைக்கும். கேம் பாரைத் "தேவையில்லாத குப்பை" என்று தூக்கி எறிந்துவிட்டு, ஏன் ஃப்ரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) குறைகிறது என்று தேடுகிறவர்கள் உண்டு.

ஹோமா, ப்ரோவா? ஹோம் போதும். ஹோம் 128 ஜி.பி. ராம் வரை எடுக்கும், அதற்கு மேல் சிமுலேட்டருக்குத் தேவையே இல்லை. ப்ரோவில் எனக்குப் பிடித்தவை இரண்டு: அப்டேட்டைக் கொள்கை வைத்து நீண்ட நாள் தள்ளிப்போடலாம், அடுத்த அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வரலாம். இவை வேண்டாம் என்றால் அந்தக் காசில் நல்ல யு.எஸ்.பி. ஹப் வாங்குங்கள், தனி அடாப்டரோடு வரும் ரகம்.

லைசென்ஸ் ஓ.இ.எம். (புது கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கும் ரகம்) ஆக இருந்தால் அந்த மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும். ரீடெய்ல் (தனியாக விற்கும் ரகம்) என்றால் நான்கு வருடம் கழித்து போர்டை மாற்றும்போது கூடவே வரும். வீட்டில் கட்டுகிறவர்கள் மாற்றாமல் இருக்க மாட்டார்கள், அதனால் ரீடெய்ல்.

பெயரின் கடைசியில் N என்ற ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு வரும் விண்டோஸை எடுக்காதீர்கள். அதில் மீடியா பாகங்கள் இல்லை, மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் திறக்க வேண்டும் என்றால் அந்தத் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். அதே மாதிரி "லைட்", "கேமிங் எடிஷன்" என்று யாரோ வெட்டிச் சுருக்கிய விண்டோஸ். என் முதல் கம்ப்யூட்டரில் பாகம் விற்ற கடையிலேயே "ஓ.எஸ். ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்" என்று அப்படி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பூட் ஆவதில் மின்னல் வேகம். ஸ்டீமில் சிமுலேட்டரை வாங்கி, விடிய விடிய இறக்கி, காலையில் திறந்தால் எக்ஸ்பாக்ஸ் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது, ஆனால் உள்நுழையும் ஜன்னல் வரவேயில்லை. ஸ்டீமில் வாங்கினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம், அதற்கான பாகத்தை அந்த லைட் ஆள் வெட்டியிருந்தார். முழுதாக அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாம் படி: லினக்ஸ் என்றால்

உங்கள் தாளில் எக்ஸ்-பிளேன், அதற்கான டோலிஸ் ஏர்பஸ், இலவச ஸிபோ 737 விமானங்கள், லிட்டில் நேவ்மேப், எக்ஸ்பைலட் என்று மட்டும் இருந்தால் லினக்ஸ் தாராளமாகப் போடலாம், இவை எல்லாம் அங்கே ஓடும். மாறாக மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கான பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் விமானம்தான் உயிர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

டிஸ்ட்ரோவில் (லினக்ஸின் பல வகைகளில் எது என்பதில்) ரொம்ப ரசனை காட்ட வேண்டாம். உபுண்டு எல்.டி.எஸ்., ஐந்து வருடம் ஆதரவு, போதும். கிராஃபிக்ஸ் கார்டு ஏ.எம்.டி. என்றால் டிரைவர் லினக்ஸின் கெர்னலோடும் மெசா என்ற கிராஃபிக்ஸ் தொகுப்போடும் வந்துவிடும், என்விடியா என்றால் அவர்களின் சொந்த டிரைவரைப் போட வேண்டும். சில டிஸ்ட்ரோக்களில் யோக்கைப் படிக்க உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி தரும் ஒரு விதியைச் சின்ன கோப்பாக எழுத வேண்டியிருக்கும், ஒருமுறை செய்தால் போதும். ஒரு ஆறுதல், பறக்கும்போது நடுவில் "மறுதொடக்கம் செய்யவா?" என்று கேட்கும் ஜன்னல் வராது.

ஆறாம் படி: போடுகிற நாள்

பயாஸில் சி.எஸ்.எம். (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) அணைத்து, செக்யூர் பூட் ஆன். ராமின் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைல் ஆன், இதை மறந்தால் காசு கொடுத்த வேகத்தில் ராம் ஓடாது. இரண்டு எஸ்.எஸ்.டி. இருந்தால் ஓ.எஸ். போடும்போது மற்றதைக் கழற்றி வையுங்கள். இன்ஸ்டாலர் பூட் கோப்புகளைத் தப்பான டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றவே முடியாது.

பயனர் பெயரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். லோக்கல் கணக்கு திறந்து, ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தேன். விண்டோஸுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, ஃபோல்டரும் அழகாகத் தமிழில் வந்தது. ஆனால் பழைய சீனரி (நிலப்பரப்பு, கட்டடக் காட்சி) இன்ஸ்டாலர் ஒன்று அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல், என் பெயர் இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகளைப் போட்டு "ஃபோல்டர் இல்லை" என்றது. கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. அதனால் முதலிலேயே ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக ஒரு பெயர்.

விண்டோஸ் வந்ததும் வரிசை இது: சிப்செட் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர், விண்டோஸ் அப்டேட் முழுவதும், அப்புறம் சிமுலேட்டர். சிமுலேட்டரை டி டிரைவில், ஒரே சொல்லில் பெயர் வைத்த ஃபோல்டரில் போடுங்கள். விண்டோஸில் பல மென்பொருள்களுக்குப் பாதையின் மொத்த நீளம் 260 எழுத்தைத் தாண்டக்கூடாது. சீனரி செய்கிறவர்கள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்குவார்கள், ஆழமான இடத்தில் வைத்தால் சில கட்டடங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஏழாம் படி: போட்ட பிறகு மாற்ற வேண்டியவை

யு.எஸ்.பி. மின்சேமிப்பு முதலில். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி. ரூட் ஹப்பாகத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக்கை எடுங்கள். பவர் பிளானிலும் செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். இதைச் செய்யாமல் ஒருநாள் சென்னையில் கடல் பக்கமிருந்து 25-ஆம் ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன், ரட்டர் பெடலை அரை மணி நேரமாகத் தொடவில்லை, விண்டோஸ் அதைத் தூங்கப் போட்டுவிட்டது. சக்கரம் தொட்டதும் பெடலை மிதிக்கிறேன், ஒன்றுமே நடக்கவில்லை, குறுக்குக் காற்றில் விமானம் நேராகப் புல்வெளிக்குப் போய் நின்றது. ஹப் நிறைய இருந்தால் எல்லாவற்றிலும் எடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆட்-ஆன் பலவும் டாக்குமென்ட்ஸில் எழுதும், எக்ஸ்-பிளேனை டெஸ்க்டாப்பிலேயே வைப்பவர்களும் உண்டு. பத்து ஜி.பி. சீனரி மேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பறந்துகொண்டிருப்பீர்கள். அந்த பேக்கப்பை நிறுத்திவிடுங்கள்.

கோர் ஐசொலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி கேம் வேகத்தைக் கொஞ்சம் தின்னும், அதை அணைத்துப் பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அது ஒரு பாதுகாப்புக் கவசம் என்பதையும் மறக்க வேண்டாம். சிமுலேட்டருக்கு மட்டுமே அந்தக் கம்ப்யூட்டர் என்றால் அணைக்கலாம், அதிலேயே பேங்க் வேலையும் பார்ப்பீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். "64 ஜி.பி. ராம் இருக்கிறதே" என்று அணைத்துவிட்டு, நடுவானில் சிமுலேட்டர் மறைந்துபோவதைப் பார்த்துத் தலையைச் சொறிகிறவர்கள் உண்டு.

எட்டாம் படி: இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு

நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். விண்டோஸ் ஒரு எஸ்.எஸ்.டி.யில், லினக்ஸ் இன்னொன்றில், எதைத் திறப்பது என்று பயாஸின் பூட் மெனுவில் தேர்வு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும், இல்லையென்றால் அது பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பூட்டிவைத்துவிடும், லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலக நேரத்தை எழுதும். லினக்ஸில் பறந்துவிட்டு, காலை 11 மணிக்கு விண்டோஸுக்கு வந்து எக்ஸ்-பிளேனைத் திறந்தேன். மீனம்பாக்கம் ஒரே இருட்டு, கிழக்கே மட்டும் லேசான சிவப்பு. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் கெட்டுவிட்டது என்று அதை எடுத்து மறுபடி போட்டேன், மானிட்டர் கேபிளை மாற்றினேன். கடைசியில் திரையின் மூலையைப் பார்த்தால் மணி காலை 5:30. சிமுலேட்டர் கம்ப்யூட்டர் நேரத்தைப் பின்பற்றும்படி வைத்திருந்தேன், அது பாவம் சரியாகத்தான் விடியலைக் காட்டியிருக்கிறது. லினக்ஸில் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், அதோடு இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசம் போய்விடும்.

கடைசிப் படி: அப்படியே ஒரு பிரதி

எல்லாம் ஓடுகிறது, யோக் தூங்குவதில்லை, ஃப்ரேம் திருப்தியாக இருக்கிறது என்றால் அன்றைக்கே ஓ.எஸ். இருக்கும் டிஸ்க்கை முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். க்ளோன்சில்லா இலவசம், பென்டிரைவிலிருந்தே பூட் ஆகும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் எடுக்கும். ஒரு பழைய வெளி ஹார்ட் டிஸ்க் போதும். அதற்கு அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை ஹோமில் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். நீண்ட பயணம் திட்டமிட்ட வாரத்தில் அப்டேட் எடுக்காமல், சும்மா இருக்கும் ஒரு செவ்வாய், புதனில் எடுங்கள். ஏதாவது உடைந்தால் பிரதியைத் திரும்ப ஏற்ற எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒரு டேப் ஒட்டி, தேதியையும் அன்றைய கிராஃபிக்ஸ் டிரைவர் எண்ணையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவீர்கள்.